புகையும் பூட்டும்

தோழனே!

சங்ககிரிக் கோட்டை நிற்கும் குன்றின் அடிவாரத்திலே, சில நாட்களுக்கு முன்பு, ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினேன். ஒரு மணி நேரப் பேச்சு. கை தட்டினர், வாழ்த்தினர், துண்டு போர்த்தினர். மேடையை விட்டு இறங்கியதும் ஒருவர் என் எதிரே வந்து நின்று ஐந்தே நிமிடம் பேசினார். நெல்மணி அவர் பேச்சு. உமி என்னுடையது என்று அன்றிரவு உணர்ந்தேன்.

ஐம்பதைத் தாண்டிய வயது. ஸ்டியரிங் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிய உள்ளங்கை. வானம் பொய்த்த மேட்டுக்காட்டை விற்று, போதாததற்குத் தவணைக் கடன் வாங்கி, ஒற்றை லாரிக்கு உரியவர் ஆனவர். ஊர் அவரை 'முதலாளி' என்று அழைக்கிறது. ஆனால், பாதி நாள் ஓட்டுநரும் அவரே, கிளீனரும் அவரே!

"ஏனுங்க தம்பி, நாட்டு நடப்பெல்லாம் நல்லாப் பேசுனீங்க. என்ற வண்டி பன்னெண்டு நாளாப் பட்டறையில நிக்குதுங்க. அதையும் கொஞ்சம் பேசுங்க" என்றார்.

"என்ன பழுதுங்க ஐயா?" என்று கேட்டேன்.

"எஞ்சின் நல்லாத்தானுங்க இருக்குது. கியர் பழுதில்லை, டயர் புதுசு. புகையைச் சுத்தம் பண்ணுற பெட்டியில கோளாறாமுங்க. விளக்கு எரியுது, வண்டி மேடு ஏற மாட்டேங்குது. பெட்டியவே புதுசா மாத்தோணும்னு கம்பெனியில சொல்றாங்க. அந்தக் காசுக்கு என்ற புள்ளைக்குக் கலியாணத்தையே முடிச்சுப் போடலாமுங்க. இன்னொருத்தன் வந்து, 'அத்தனையும் கழட்டி வீசிப்போட்டு ஓட்டுங்க, ஒரே நாள்ல முடிச்சுத் தாரேன்'ங்கறான். எதைப் பண்ணட்டும்? நீங்களே சொல்லுங்க தம்பி."

நான் என்ன சொல்ல? நாடு பேசத் தெரிந்த நாவுக்கு, அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு சொல் பேசத் தெரியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேனுங்க" என்றேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். மீதிப் பாடத்தைப் பட்டறைகளிலே படிக்கக் கிளம்பினேன். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல், கோவை என்று சுற்றினேன். கரி படிந்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் எனக்கு ஆசிரியர்கள் ஆயினர். அவர்களிடம் கற்றதையும், அதன்பின் ஏடுகளைப் புரட்டி அறிந்ததையும் இன்று உன் முன் வைக்கிறேன். அந்தப் பெரியவருக்குத் தரவேண்டிய பதில் இது. உனக்கும் இதிலே வேலை இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். அந்தப் பெட்டி வேண்டாத பெட்டி அன்று. டீசல் புகை, கண்ணுக்குத் தெரிந்த கருமை மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் ஆகும். உலக நல நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 2012 ஜூன் திங்களில், டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று ஐயமின்றி அறிவித்தது. அதற்குமுன், 1988-இல், 'உண்டாக்கக் கூடும்' என்றுதான் கூறியிருந்தது. கால் நூற்றாண்டு ஆராய்ந்த பிறகு, 'கூடும்' என்பது போய், 'உண்டாக்கும்' என்று ஆயிற்று. அந்தப் புகையை முதலில் குடிப்பவன் யார்? குளிரூட்டிய மாளிகையிலே வீற்றிருக்கும் கோமானா? அல்லன்! ஓட்டுநன், கிளீனர், சுமை தூக்குவோன், நெடுஞ்சாலை ஓரத்திலே தேநீர்க் கடை வைத்திருப்பவன், அந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் அவன் மகள்! புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம், ஆகவே, ஏழைக்குப் பகையான சட்டம் அன்று. ஏழையின் நெஞ்சுக் கூட்டைக் காக்க வந்த சட்டம்.

பாரத் நிலை 6 என்று அதற்குப் பெயர். 2016 ஜனவரியில் டில்லி முடிவெடுத்தது. 4-ஆம் படியிலிருந்து 5-ஆம் படியைத் தாண்டி, 6-ஆம் படிக்கே ஒரு தாவல்! 2020 ஏப்ரல் முதல் நாள், நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. அந்த நாளுக்குப் பிறகு பழைய நிலை வண்டிகளை விற்கவும் பதியவும் கூடாது என்று 2018 அக்டோபரிலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. டீசலில் பத்து லட்சத்தில் 50 பங்கு வரை இருக்கலாம் என்றிருந்த கந்தகம், 10 பங்காகக் குறைக்கப்பட்டது. கனரக எஞ்சின் ஒரு கிலோவாட் மணி ஆற்றல் தருவதற்குள் வெளியிடலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு, 3.5 கிராமிலிருந்து அரைக் கிராமுக்கும் கீழே இறக்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. நாம் வரவேற்க வேண்டிய ஏற்பாடு.

இதைச் செய்து முடிக்கத்தான், புகைக்குழாயின் வழியிலே ஒரு சிறு தொழிற்சாலையையே பூட்டியிருக்கிறார்கள். எஞ்சினை விட்டு வெளியேறும் புகை, முதலில் ஒரு வினையூக்கிக் கூட்டுக்குள் நுழைகிறது. அடுத்து, தேன்கூடு போன்ற பீங்கான் வடிகட்டி. இதைத்தான் பட்டறையில் டி.பி.எஃப். என்கின்றனர். கரியை இது பிடித்து வைத்துக் கொள்கிறது. நிரம்பியதும், ஏறத்தாழ 600 பாகை வெப்பம் உண்டாக்கி, பிடித்த கரியை எரித்துத் தன்னைத்தானே தூய்மை செய்து கொள்கிறது. அதற்கும் அப்பால், யூரியாக் கரைசலைப் பீச்சும் கூடு. 32.5 விழுக்காடு யூரியா, மீதி தூய நீர். அவ்வளவுதான் அந்தக் கரைசல். புகையின் சூட்டில் அது அம்மோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடைத் தீங்கில்லா நைட்ரஜனாகவும் நீராகவும் பிரித்து விடுகிறது. இத்தனைக்கும் காவலாக ஆங்காங்கே சென்சார்கள். அவை கூறுவதைக் கேட்டு ஆணையிட ஒரு கணிப்பொறி.

அறிவின் ஆக்கம்தான், ஐயமில்லை. ஆனால் தோழனே, இந்த ஆக்கத்தின் மறுபக்கத்தைப் பார்!

நாடகம் எழுதுபவன் நான். ஒரு காட்சி சொல்கிறேன். பெங்களூர் நோக்கிச் செல்லும் லாரி; தொப்பூர்க் கணவாயின் ஏற்றம்; நள்ளிரவு; முழுப் பாரம். பலகையிலே ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. சென்சார் ஒன்று செத்துவிட்டது; அல்லது அதன் கம்பியை எலி கடித்துவிட்டது. கணிப்பொறிக்கு இரண்டும் ஒன்றே. 'புகை தூய்மையாகிறதா என்று எனக்குத் தெரியவில்லை' என்கிறது. எச்சரிக்கிறது. எச்சரிக்கைக்குப் பின்னும் பழுது நீங்காவிட்டால், எஞ்சினின் இழுவைத் திறனில் கால் பங்கைக் குறைக்கிறது. இன்னும் நீங்காவிட்டால், மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி கட்டிப்போடுகிறது. யூரோ 6 விதி வகுத்த தண்டனை முறை இது. எஞ்சின் நன்றாக இருக்கிறது; டீசல் நிறைய இருக்கிறது; ஓட்டுநன் விழித்திருக்கிறான்; வண்டி மட்டும் மாட்டு வண்டி ஆகிவிட்டது! பின்னால் வரும் வண்டிகளின் விளக்குகள் முதுகிலே குத்த, மேட்டிலே ஊர்ந்து செல்கிறான் அவன்.

தண்டனை ஏன் வைத்தார்கள்? யூரியாவை ஊற்றாமல் ஏய்ப்பவனைத் தடுக்க. சரிதான். ஆனால், ஏய்ப்பவனுக்கும் எலி கடித்த கம்பிக்கு உரியவனுக்கும் ஒரே தண்டனை என்றால், பழுது எது என்று கண்டுபிடித்து உடனே நீக்கிக்கொள்ளும் வழியாவது அவனுக்குத் திறந்திருக்க வேண்டாமா? அந்த வழியில்தான் பூட்டுத் தொங்குகிறது!

சாலையோரப் பட்டறைக்காரரிடம் ஸ்கேனர் இருக்கிறது. பழுதின் குறியெண்ணை அது படித்துக் காட்டும். ஆனால், புதிய சென்சார் பொருத்தினால் 'இதை ஏற்றுக்கொள்' என்று கணிப்பொறிக்குச் சொல்லவும், அடைபட்ட வடிகட்டியை 'இப்போதே எரித்துத் தூய்மை செய்' என்று ஆணையிடவும், பல வண்டிகளில் கம்பெனியின் மென்பொருள்தான் வேண்டும். அது கம்பெனிக் கூடத்தில் இருக்கிறது. அங்கே வரிசை. 'பெட்டியை முழுவதுமாக மாற்று' என்ற எளிய தீர்ப்பு. ஒற்றை லாரிக்காரருக்கு ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வாடகை போயிற்று. ஆனால், தவணை நிற்குமா? வரி நிற்குமா? வயிறு நிற்குமா?

அந்த இடத்திலேதான் மூன்றாமவன் வருகிறான். 'கழற்றி வீசு' என்கிறான். வடிகட்டியின் பீங்கானை உடைத்து எறிகிறான், கணிப்பொறியை ஏமாற்ற ஒரு சிறு பெட்டியை ஒட்டுகிறான், 'எல்லாம் நலம்' என்று அந்தப் பெட்டி பொய் சொல்கிறது, வண்டி பறக்கிறது. மலிவான வழி! ஆனால் யாருக்கு மலிவு? உடைத்த பீங்கான் பிடித்து வைத்திருக்க வேண்டிய கரி, நாளை எவர் மகள் நெஞ்சில் படியப் போகிறது? 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், மாசு விதியை மீறுவோருக்கு 10,000 ரூபாய் வரை தண்டமும் மூன்று திங்கள் வரை சிறையும் வகுத்தது. பிடிபடுவோமா என்று சிரிப்பவரும் உண்டு. டீசல் வண்டிக்கு நடக்கும் புகைச் சோதனை கருமையை மட்டுமே அளக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆகவே யூரியாவை நிறுத்திய வண்டி, சான்றிதழோடு ஊர்வலம் வருகிறது! சட்டத்தின் கண் ஏமாறலாம்; குழந்தையின் மூச்சுக்குழல் ஏமாறாது, தோழனே!

'பார்த்தீர்களா? லாரிக்காரர்கள் ஏமாற்றுக்காரர்கள். அதனால்தான் பூட்டி வைத்திருக்கிறோம். திறந்துவிட்டால் இன்னும் ஏமாற்றுவார்கள்' என்று வாதிடுவோர் உண்டு. வலுவான வாதம் போலத் தோன்றும். எண்ணிப்பார்! பூட்டு இருக்கும்போதுதானே இத்தனை ஏமாற்றும் நடக்கிறது? பூட்டு, திருடனைத் தடுக்கவில்லை. நேர்மையாகப் பழுது பார்க்க நினைப்பவனைத்தான் தடுத்திருக்கிறது. மேலும், பூட்டிய பெட்டிக்குள் உண்மைதான் உறைகிறது என்பதற்கு யார் பிணை? 2015 செப்டம்பரில் உலகமே பார்த்ததே! ஃபோக்ஸ்வாகன் என்ற பெரு நிறுவனம், சோதனைச் சாலையில் மட்டும் ஒழுங்காக நடந்து, வீதிக்கு வந்ததும் நஞ்சு கக்கும்படி மென்பொருள் எழுதி, ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் பொருத்தியிருந்தது. திருச்செங்கோட்டுப் பட்டறைக்காரரா அதைச் செய்தார்? படித்த பொறியாளர்கள், பட்டுத்துணி விரித்த மேசையிலே அமர்ந்து செய்த பொய் அது!

கொங்கு நாட்டுக்கு இந்தப் பூட்டு எத்தகைய அவமானம் என்பதை நம் வரலாறு சொல்லும். கோவைக்கு அருகே கலங்கல் சிற்றூரில் 1893-இல் பிறந்த ஒரு சிறுவன், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டான். உணவு விடுதியிலே வேலை பார்த்துக் காசு சேர்த்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினான். வாங்கியதும் ஏறி ஊர் சுற்றினானா? இல்லை! ஒவ்வொரு உறுப்பாகக் கழற்றிப் பார்த்தான், மீண்டும் பூட்டினான், இயந்திரத்தின் கமுக்கத்தைக் கற்றான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினான். அவர்தான் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு ஏறாதவர்; பட்டறையே அவருக்குப் பல்கலைக்கழகம். பின்னர், 1937-இல், இந்தியாவிலேயே உருவான மின் மோட்டார் கோவையில் பிறக்கக் காரணமாயிருந்தார்.

அந்த மோட்டார் சைக்கிளுக்கு ஒரு மென்பொருள் பூட்டு இருந்திருந்தால்? 'கம்பெனிக் கூடத்திற்குக் கொண்டு போ' என்று அது அடம் பிடித்திருந்தால்? பம்புக்கும் மோட்டாருக்கும் பெயர் பெற்ற கோவை ஏது? நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் கட்டிய லாரிக் கூண்டுகளும், கரூரில் கட்டிய பேருந்துக் கூண்டுகளும் நாடெங்கும் ஓடும் பெருமை ஏது? கழற்றிப் பார்த்துக் கற்ற கைகள் கட்டிய நாடு இது. அந்தக் கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு, 'தொழில் வளம்' பேசுவது, வேரை வெட்டிவிட்டுக் கிளைக்கு நீர் ஊற்றும் வேலை.

'ஊர் உலகில் இல்லாததையா கேட்கிறீர்கள்?' என்று கேட்போர்க்கு, உலகத்தையே சான்றாக நிறுத்துகிறேன். நாம் பின்பற்றும் யூரோ 6 அளவுகளைக் கனரக வண்டிகளுக்கு வகுத்தது, 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் இயற்றிய 595-ஆம் எண் சட்டம். அதன் தலைப்பைப் படித்தால் வியப்பாய்! வண்டியின் புகை அளவு ஒரு பாதி. பழுது பார்த்தலுக்கும் பராமரிப்புக்கும் வேண்டிய செய்திகளைப் பெறும் உரிமை மறு பாதி. இரண்டும் ஒரே சட்டத்தின் இரு கண்கள்! 'புகையைக் குறை' என்று ஆணையிட்ட அதே வாயால், 'பழுது பார்க்கும் முறையைக் கம்பெனிக்குச் சேராத பட்டறைக்கும் சொல்லிக் கொடு' என்றும் ஆணையிட்டது ஐரோப்பா. புகை அளவை இங்கே கொண்டுவந்த வேகம், பழுது பார்க்கும் உரிமையைக் கொண்டுவருவதிலே காணோமே, ஏன்?

அமெரிக்காவுக்கு வா. விலை கொடுத்து வாங்கிய டிராக்டரைத் தானே பழுது பார்க்க முடியாமல் தவித்த உழவர்கள் போராடினர். 2023-இல் கொலராடோ மாநிலம், உழவுக் கருவிகளைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டமே இயற்றியது. 2025 ஜனவரியில், அந்நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம், ஜான் டீர் நிறுவனத்தின் மீது இதே பொருளில் வழக்குத் தொடுத்தது. முதலாளித்துவத்தின் தாயகமே கேள்வி கேட்கிறது!

இங்கும் குரல் எழாமல் இல்லை. இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில், 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கும் மேல் தண்டம் விதித்தது. குற்றம் என்ன? உதிரி உறுப்புகளையும் பழுது அறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது. வழக்கு மேல் மன்றங்களுக்கு ஏறியது. 2022-இல் மத்திய அரசு, பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. இணையதளம் ஒன்றும் திறந்தது. மோட்டார் வண்டிகளும் அதில் இடம்பெற்றன. குழு நல்லது, தளம் நல்லது. ஆனால், தொப்பூர் மேட்டில் நிற்பவனுக்குத் தளம் எதற்கு? சாவி அல்லவா வேண்டும்!

சட்டம் வரும்வரை கை கட்டி நிற்கலாமா என்பாய். வேண்டியதில்லை. பட்டறை ஆசான்கள் எனக்குச் சொன்ன சிக்கன வழிகளை உனக்குச் சொல்கிறேன். உன் ஊர் லாரித் தோழர்களிடம் எடுத்துச் செல்.

பெட்டியை மாற்று என்றதும் தலையாட்டாதே. பெட்டி கெட்டதா, பெட்டியைக் கெடுத்தது வேறா என்று கேள். அளவுக்கு மீறிக் கரி வருகிறதென்றால், குற்றவாளி எஞ்சினாக இருக்கலாம்: அடைபட்ட காற்று வடிகட்டி, ஒழுகும் டீசல் இன்ஜெக்டர், டர்போக் குழாயில் ஓட்டை. நோயை விட்டுவிட்டு நோயாளியின் சட்டையை மாற்றினால் பயனென்ன?

சென்சார் செத்தது என்று குறியெண் காட்டினால், முதலில் ஃபியூசைப் பார், கம்பியைப் பார், இணைப்பில் ஈரமும் பச்சைக் களிம்பும் ஏறியிருக்கிறதா என்று பார், புகைக்குழாய் இணைப்பில் கசிவு உண்டா என்று பார். பல நேரங்களில் பழுது சென்சாரிலே இல்லை, செல்லும் வழியிலேதான்.

யூரியா பீச்சும் மூக்கில் வெள்ளை உப்பு கட்டி அடைத்திருக்கும். அதைக் கம்பி விட்டுக் குடையாதே. வெந்நீரில் ஊற வைத்தால் கரையும். ஏனெனில் யூரியா நீரிலே கரையும் பொருள்.

வடிகட்டி அடைத்துக் கொண்டால், புதிது வாங்கும்முன், கழற்றித் தூய்மை செய்யும் வழியைக் கேள். கரி எரிந்து போகும், ஆனால் எஞ்சின் எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது, தங்கிவிடும். உலையில் மெல்லச் சூடேற்றி, காற்றழுத்தத்தால் எதிர்ப்புறமிருந்து ஊதி, அந்தச் சாம்பலை வெளியேற்றலாம். அதற்கென்று இயந்திரங்கள் உண்டு. பீங்கான் உடைந்தோ உருகியோ போயிருந்தால் மட்டுமே புதிது. தட்டியும், அமிலம் ஊற்றியும் தூய்மை செய்கிறேன் என்பவனிடம் கொடுக்காதே.

எல்லாவற்றிலும் மலிவான பழுதுபார்ப்பு, பழுது வராமல் காப்பது. வடிகட்டி தன்னை எரித்துத் தூய்மை செய்யும்போது, பாதியில் எஞ்சினை நிறுத்தாதே. கல் குவாரிக்கும் ஊருக்கும் இடையே சிறு நடை நடையாக ஓடும் வண்டிக்குப் புகை சூடேறாது, கரி சேரும், அதற்கு விளக்கு எரிந்த உடனே, நிறுத்தி வைத்து எரிக்கும் பொத்தானை அழுத்து. அப்போது குழாய் வாய் கொதிக்கும்; வைக்கோல் போருக்கும் காய்ந்த புல்லுக்கும் அருகே வேண்டாம். எண்ணெய், சாம்பல் குறைந்த வகையாக, கம்பெனி குறித்த தரத்தில் இருக்கட்டும்.

யூரியாக் கரைசலை முத்திரை உடையாத கலத்தில் வாங்கு. வயலுக்கு இடும் யூரியாவைக் கரைத்து மலிவாக விற்போர் உண்டு. 2015 முதல் உழவர்க்கான யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசுவது கட்டாயமாயிற்று. அதைக் கரைத்து ஊற்றினால் வினையூக்கி பாழ். அதோடு, அரசு மானியம் தந்து உழவனுக்கு அனுப்பிய மூட்டை அது. உழவனிடம் திருடி லாரிக்காரனை ஏமாற்றும் இரட்டைக் கொள்ளை! கரைசலின் செறிவை அளக்கச் சிறு கைக்கருவி இருக்கிறது. சங்கத்துக்கு ஒன்று வாங்கி வைத்தால், ஊருக்கே காவல்.

இவையெல்லாம் தனி மனிதர் செய்யக் கூடியவை. தனி மனிதரால் ஆகாதவை மூன்று உண்டு. அவற்றைத்தான் நாம் கோரிக்கையாக்க வேண்டும்.

முதலாவது: வண்டி விற்கும் நிறுவனம், அதன் புகைத் தூய்மைக் கருவியின் பழுதுக் குறியெண்கள், சோதிக்கும் முறை, மென்பொருள், உதிரி உறுப்புகள் அனைத்தையும், நியாய விலையில், தகுதி பெற்ற எந்தப் பட்டறைக்கும் தந்தாக வேண்டும் என்று சட்டம் வேண்டும். இலவசமாகக் கேட்கவில்லை; விலைக்குக் கேட்கிறோம். புகை அளவை மாற்றும் உரிமை கேட்கவில்லை. பழுதை நீக்கும் உரிமை கேட்கிறோம்.

இரண்டாவது: நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கரூரிலும் கோவையிலும் பொதுத் தூய்மைக் கூடங்கள் வேண்டும். வடிகட்டியைச் சூடேற்றி ஊதும் இயந்திரமும் சோதனைக் கருவியும் ஒவ்வொரு சிறு பட்டறையும் வாங்கக் கூடியவை அல்ல. ஆனால், நூறு பட்டறைக்கு ஒன்று இருந்தால் போதும். அரசின் தொழிற்பயிற்சி நிலையங்களில் இதற்கெனப் பாடம் வேண்டும். ஈரோட்டிலே 1984-இல் சாலைப் போக்குவரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியாகத் தோன்றி, இன்று அரசுப் பொறியியல் கல்லூரியாக விளங்கும் நிறுவனம் இருக்கிறதே, அங்கிருந்து அந்தக் கல்வி தொடங்கட்டும். எழுத்துப் பாடமாக மட்டுமன்று. பட்டறையில் பழுத்த கைகளையும் அழைத்து, சான்றிதழ் தந்து, மதிப்புத் தந்து!

மூன்றாவது: சோதனை உண்மையாக நடக்கட்டும். கருமையை மட்டும் அளக்கும் சோதனை, ஏய்ப்பவனுக்குத் துணை; நேர்மையாளனுக்கு இழப்பு. கழற்றி வீசியவன் குறைந்த செலவில் ஓடி, குறைந்த வாடகைக்கு ஒப்புக்கொண்டு, ஒழுங்காகப் பழுது பார்த்தவனின் பிழைப்பைப் பறிக்கிறான். பழுது பார்க்கும் வழியைத் திறந்துவிடு. திறந்த பிறகு, கழற்றி வீசுவோனைக் கண்டிப்பாகப் பிடி. வழியை அடைத்துவிட்டுத் தண்டிப்பது கொடுமை. வழியைத் திறந்துவிட்டுத் தண்டிக்காமலிருப்பது கோழைத்தனம்.

தோழனே, உன் வேலை என்ன என்று கேட்கிறாயா? லாரி உரிமையாளர் சங்கத்துக்கும், ஓட்டுநர் சங்கத்துக்கும், பட்டறைக்காரர்களுக்கும் இடையே பாலமாக நில். மூவரையும் ஒரே திண்ணையில் அமர வை. எந்த வண்டி, எத்தனை நாள், எதனால் நின்றது என்று குறித்து வை. நூறு வண்டிகளின் கணக்கு, ஆயிரம் மேடைப் பேச்சுக்குச் சமம். அந்தக் கணக்கை உன் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடு. 'கழற்றி வீசு' என்று கூறுவோனை உன் ஊரில் அண்டவிடாதே. அவன் நண்பன் வேடத்தில் வரும் நஞ்சு வணிகன்.

அந்தப் பெரியவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று உனக்குச் சொல்ல வேண்டாமா? மறுபடி சங்ககிரி சென்றேன். பட்டறையிலே அவர் வண்டியின் அடியில் ஒரு மெக்கானிக் படுத்திருந்தார். உப்புக் கட்டிய மூக்கு, உரசித் தேய்ந்த ஒரு கம்பி, கண்டுபிடித்து விட்டார். இரண்டும் சில நூறு ரூபாய்க்குள் முடியும் வேலை. வேலையும் முடிந்தது. ஆனால் வண்டி புறப்படவில்லை! பழைய பழுதை மறந்துவிடும்படி கணிப்பொறிக்குச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல், கம்பெனியின் மென்பொருளிலே இருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் மூன்று நாள் வரிசையில் நின்றது லாரி.

"கழட்டி வீசிப்போடலாமானு ஒரு நிமிசம் மனசு போச்சுங்க தம்பி. பேத்தி இளைப்பு வந்து இருமுறா. அதனால வேண்டாம்னுட்டேன்" என்றார் அவர்.

காத்திருந்தார். இழந்தார். ஆயினும் புகையை ஊருக்குள் விடவில்லை. அந்த நேர்மைக்கு நாடு தந்த பரிசு, மூன்று நாள் வாடகை இழப்பு!

நேர்மையாளன் காத்துக் கிடக்கவும், ஏய்ப்பவன் பறந்து செல்லவும் வழி வகுக்கும் எந்த ஏற்பாடும் நிலைக்கலாகாது. புகையை அடைக்கும் பூட்டு இருக்கட்டும். அது நம் பிள்ளைகளுக்குக் காவல். பழுதை நீக்கும் கையைத் தடுக்கும் பூட்டு உடையட்டும். அது நம் உழைப்பாளிக்கு விலங்கு. இரண்டையும் வேறு பிரித்து அறிவோம், ஊருக்கு அறிவிப்போம். சாவியைக் கேட்போம். தரும்வரை கேட்போம்!